பேப்பரில் பாராட்டிய ஹோட்டல் நமக்கு ஏன் பிடிக்காமல் போகிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான். சென்னையில் ஒரு நாளிதழின் நகர இணைப்பில் தொடர்ந்து சாப்பாட்டு விமர்சனம் எழுதுகிறவர், தனக்கு மிகவும் பிடித்த ஹோட்டல்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார். நீங்களும் நண்பர்களும் அதில் நாலைந்து இடத்துக்குப் போய்ப் பார்த்தீர்கள். ஓரிடத்தில் சாம்பார் தித்தித்தது. ஓரிடத்தில் பிரியாணி வறண்டு கிடந்தது. இன்னோரிடத்தில் வெகுநேரம் நின்று உட்கார்ந்தால் ஆறிப்போன பொங்கல் வந்தது. தெரிந்தவர்களை விசாரித்தால் அவர்களுக்கும் இதே குறை. அந்த மனிதருக்கு ருசி தெரியாதா, இல்லை காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறாரா என்று கேட்கிறீர்கள்.

நான் ஹோட்டல் லைனில் பல வருடம் இருந்தவன். முதலில் சமையற்கட்டு மேற்பார்வை, அப்புறம் மளிகைக் கொள்முதல். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். அவர் சாப்பிட்டது நன்றாக இருந்திருக்கும். நீங்கள் சாப்பிட்டது மோசமாக இருந்திருக்கும். இரண்டும் ஒரே கடையில் நடக்கக்கூடியதுதான். எல்லா நேரமும் எல்லாப் பண்டமும் நன்றாக இருக்கிற ஹோட்டல் இந்த ஊரில் மிகக் குறைவு. ஒரு கடையில் ஒரு பண்டம், ஒரு வேளையில், ஒரு மாஸ்டர் கையில் பிரமாதமாக இருக்கும். பட்டியல் போடுகிறவர் கடையின் பெயரை மட்டும் போட்டுவிட்டு பண்டம், வேளை, கை மூன்றையும் விட்டுவிடுகிறார். உங்கள் சண்டையில் பெரும்பகுதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் வேளையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் வாடிக்கையாளர்கள் அதிகம் ஏமாறுவது அதில்தான்.

பிரியாணியையே பாருங்கள். ஆற்காடு, ஆம்பூர் பக்கத்து முறையில், அதாவது சென்னையில் பாய் கடைகளில் பெரும்பாலும் நடக்கிற முறையில், கறியும் வெங்காயமும் தக்காளியும் தயிரும் மிளகாய் விழுதும் அண்டாவில் தனியாக வெந்துகொண்டிருக்கும். அரிசியை இன்னொரு பாத்திரத்தில் முக்கால் பதம் வேகவைத்து, கஞ்சியை வடித்து, கறி மேல் கொட்டி, மூடி மேல் நெருப்புத் துண்டுகளைப் போட்டு தம் கட்டுவார்கள். தம் உடைத்தவுடன் மாஸ்டர் கரண்டியைப் போட மாட்டார். ஒரு தட்டை அண்டாவின் ஓரத்தில் செங்குத்தாக இறக்கி, அடிவரைக்கும் கொண்டுபோய், கறியும் மசாலாவும் சோறும் சேர்ந்தாற்போல அள்ளுவார். சோறு உடையாது, ஒவ்வொரு பருக்கையிலும் எண்ணெய்ப் பசை இருக்கும். மதியம் பன்னிரண்டரைக்கு இலையில் விழுவது அந்தப் பிரியாணி. கூட்டம் ஏற ஏற அவசரம் கூடும். தட்டு அடிவரை போகாது, மேல் சோறு மட்டும் வரும். மூன்று மணிக்கு அண்டாவில் இருப்பது ஒரு பக்கம் ஒதுங்கிய வெள்ளைச் சோறு, இன்னொரு பக்கம் குழைந்த கறி, நடுவில் உடைந்த பருக்கை. அதைக் கிளறி மேலே கொஞ்சம் மசாலா ஊற்றிக் கொடுப்பார்கள். கடை அதே, சமைத்தவர் அதே, அண்டாவும் அதேதான். நீங்கள் சனிக்கிழமை படம் பார்த்துவிட்டு மூன்றரைக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். வறண்டிருந்ததில் ஆச்சரியம் இல்லை.

சாம்பாரிலும் இதே கதைதான். காலை டிபன் சாம்பார் நீர்க்க இருக்கும், சின்ன வெங்காயம் போட்டிருப்பார்கள், கொத்தமல்லி விதையும் தேங்காயும் வறுத்து அரைத்த வாசனை தூக்கலாக இருக்கும். மதியச் சாப்பாட்டு சாம்பார் வேறு, பருப்பு அதிகம், காய் அதிகம், சோற்றில் நிற்க வேண்டும் என்று கெட்டியாக வைப்பார்கள். பருப்பு நேரம் ஆக ஆக இறுகும். இறுகியதும் வெந்நீர் ஊற்றுவார்கள், உப்பு குறையும், உப்பு போடுவார்கள். இதற்குள் பெருங்காயமும் கொத்தமல்லித் தழையும் கொடுத்த வாசனை போயே போயிருக்கும். சாம்பார் இட்லிக்குப் பெயர் வாங்கிய கடைகளுக்குக் காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் போக வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்வது அதனால்தான்.

இட்லி மாவு இன்னும் நுணுக்கம். இட்லி அரிசி நாலு பங்குக்கு உளுந்து ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. மே மாதத்துச் சென்னை இரவில் அந்த மாவு ஐந்தாறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். மார்கழியில் பத்து மணி நேரத்துக்கு மேலும் எடுக்கும். ராத்திரி எத்தனை மணிக்கு ஆட்டி வைப்பது என்று பருவத்துக்குத் தக்கபடி மாற்றத் தெரிந்த மாஸ்டர் இருக்கிற கடையில் இட்லி வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். தெரியாத கடையில் வெயில் காலத்தில் புளிக்கும், குளிரில் கல்லாகும். விமர்சகர் டிசம்பரில் சங்கீத சீசன் சமயத்தில் போய்ச் சாப்பிட்டுவிட்டு எழுதியதை நீங்கள் ஏப்ரலில் படித்துவிட்டுப் போனால் அது வேறு இட்லி. இன்னொன்றும் சொல்கிறேன். மாலைக்கென்று தனியாக மாவு ஆட்டாத கடையில் சாயங்காலம் இட்லி கேட்காதீர்கள், ஊத்தப்பம் கேளுங்கள். இட்லிக்குப் புளித்துப்போன மாவு ஊத்தப்பத்துக்கு அருமையான மாவு.

காபியில் சொல்ல நிறைய இல்லை. முதல் டிக்காஷன் கிடைத்தால் அதிர்ஷ்டம், பதினோரு மணிக்குமேல் கேட்டால் இரண்டாவது டிக்காஷனைக் கலந்திருப்பார்கள். சிக்கரி எவ்வளவு இருக்கலாம் என்பதற்குச் சட்டமே இருக்கிறது, கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும். அந்த எல்லையை ஒட்டி வாங்குகிற கடைகளும் உண்டு, சிக்கரியே வேண்டாம் என்கிற கடைகளும் உண்டு. சிக்கரி காபி குடித்தே வளர்ந்தவருக்கு இரண்டாவது ரகம் சப்பென்று இருக்கும்.

அடுத்தது, விமர்சகர் சாப்பிடும் விதமும் நாம் சாப்பிடும் விதமும். இதை யாரும் யோசிப்பதில்லை.

அவர் மூன்று நான்கு பேரோடு போவார். பத்துப் பன்னிரண்டு பண்டம் சொல்வார். ஒவ்வொன்றிலும் இரண்டு வாய். இரண்டு வாயில் ஜெயிப்பது எது? காரம் தூக்கலானது, நெய் வழிவது, மொறுமொறுப்பானது, பார்த்தவுடன் கண்ணைப் பிடிப்பது. நெய்ப் பொடி இட்லி, மிளகு தூக்கலான நண்டு, மேலே முந்திரி மிதக்கிற பொங்கல். நாம் அப்படிச் சாப்பிடுவதில்லை. தனியாகவோ குடும்பத்தோடோ போகிறோம், ஒரு தட்டை முழுசாகச் சாப்பிடுகிறோம், சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு வாய்க்கு அபாரமாக இருக்கிற நெய்ப் பொங்கல் ஒரு தட்டு முடிவதற்குள் திகட்டிவிடும். நல்ல பருப்பு ரசம் இருக்கிறதே, அது இரண்டு வாயில் கவனத்துக்கே வராது. சோற்றில் பிசைந்து பாதி இலை போன பிறகுதான் அதன் அருமை தெரியும். அதனால்தான் பத்திரிகைப் பட்டியல்களில் மெஸ் சாப்பாடு பின்னால் போய்விடுகிறது. தினப்படி சாப்பிடுகிறவர்கள் சொல்லும் பட்டியலில் அதே மெஸ் முதலில் வந்து நிற்கிறது. திருவல்லிக்கேணி காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். தனித்தனியாக எந்தப் பண்டத்தையும் பெரிதாகப் புகழ மாட்டார்கள். வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது, திரும்பத் திரும்பச் சாப்பிடலாம் என்பார்கள். என் கணக்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கொடுக்கக்கூடிய பெரிய பாராட்டு அது.

விமர்சகரின் முகம் தெரிந்துவிட்டால் கதை இன்னும் மாறும். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் 1960-களிலேயே கிரெய்க் கிளைபோர்ன் என்பவர் இதற்கு ஒழுங்கு வைத்தார். பெயர் சொல்லாமல் போக வேண்டும், ஒருமுறையோடு நிறுத்தாமல் பலமுறை போக வேண்டும், பத்திரிகைதான் காசு கொடுக்க வேண்டும். அதே பத்திரிகையில் 1993-ல் ரூத் ரெய்கல் ஒரு காரியம் செய்தார். லெ சர்க் என்ற பெரிய ஹோட்டலுக்கு மாறுவேஷத்தில் சாதாரண ஆளாகப் போனார், அடையாளம் தெரிகிற மாதிரியும் போனார். சாதாரண ஆளாகப் போனபோது காக்கவைத்து, ஏனோதானோவென்று கவனித்தார்கள். அடையாளம் தெரிந்தபோது, ஸ்பெயின் ராஜாவே காத்திருக்கிறார், ஆனால் உங்கள் மேஜை தயார் என்றார் முதலாளி. ரெய்கல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதி, நான்கு நட்சத்திரத்தை மூன்றாகக் குறைத்தார்.

நம் ஊரில் பெரும்பாலும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. புது ஹோட்டல் திறந்தால் எழுதுகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து விருந்து போடுகிறார்கள். அன்றைக்குச் சமையற்கட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதலாளி அடுப்படியிலேயே நிற்பார். குழம்பு, சாம்பார் வைக்கிற சரக்கு மாஸ்டர் சாம்பாருக்கு அன்றைக்கு மட்டும் புதுசாக அரைப்பார். தோசை மாஸ்டர் ஒரு தோசைக்கு ஒருமுறை கல்லைத் துடைப்பார். எண்ணெய் புதுசு, இலை புதுசு, சப்ளையர்களில் கெட்டிக்காரர் யாரோ அவர்தான் அந்த மேஜைக்கு. அந்தச் சாப்பாட்டை வைத்து எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை, அவருக்குக் கிடைத்ததை எழுதுகிறார். உங்களுக்கு அது கிடைக்காது, அவ்வளவுதான். கூப்பிட்டுப் போட்ட சாப்பாடா, சொந்தக் காசில் சாப்பிட்டதா என்று ஒரு வரி எழுதுவதைப் பத்திரிகைகள் கட்டாயமாக்க வேண்டும். ஓசிச் சாப்பாட்டை வைத்து ஒரு கடையைத் தனக்குப் பிடித்த கடை என்று பட்டியலில் ஏற்றுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. வாசகர் தன் சம்பளத்திலிருந்து எடுத்து அங்கே செலவழிக்கப் போகிறார் என்பது எழுதுகிறவர் மனதில் இருக்க வேண்டும். இதற்கு மேல், காசு வாங்கினாரா என்ற சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லாமல் நான் போக மாட்டேன், நீங்களும் போக வேண்டாம். இத்தனை காரணங்கள் இருக்கும்போது அது தேவையும் இல்லை.

தித்திப்பு சாம்பார் விஷயத்துக்கு வருகிறேன். அது தவறில் சேராது, ஊர் வித்தியாசம்.

சென்னை ஹோட்டல் ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதியை உருவாக்கியவர்கள் உடுப்பிக்காரர்கள். கே. கிருஷ்ணராவ் 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஆரம்பித்தார். 1950-களில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சீதாராமராவின் தாசப்பிரகாஷ் வந்தது. உடுப்பி சாம்பாரில் வெல்லம் விழும், அது அவர்கள் வழக்கம். அந்தச் சாம்பாரை இரண்டு மூன்று தலைமுறை சாப்பிட்டு, இதுதான் ஹோட்டல் சாம்பார் என்று நகரம் பழகிவிட்டது. இன்னொரு பக்கம் பாருங்கள், சாம்பார் இட்லி என்றாலே எல்லாரும் கைகாட்டுகிற திருவல்லிக்கேணி ரத்னா கஃபே 1948-ல் தொடங்கியது, தொடங்கியவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். 1981-ல் கே.கே. நகரில் சரவண பவன் வந்த பிறகு இன்னொரு ருசி ஊரெங்கும் பரவியது. இப்படிப் பல கைகள் சேர்ந்து செய்த ருசியில், திருநெல்வேலியிலிருந்து வந்தவருக்கு வெல்லம் உறுத்தும், கோயம்புத்தூர்க்காரருக்கு அரிசியும் பருப்பும் வறுத்து அரைக்காதது உறுத்தும், தஞ்சாவூர்க்காரர் இதில் அரைத்துவிட்ட மணம் எங்கே என்று கேட்பார். மூன்று பேரும் தங்கள் அம்மா வைத்த சாம்பாரை அளவுகோலாக வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். விமர்சகருக்கும் ஒரு அம்மா சாம்பார் உண்டு. அவர் மயிலாப்பூரில் வளர்ந்தவர் என்று பத்தியிலேயே அடிக்கடி எழுதுகிறார் என்கிறீர்கள். அப்படியென்றால் அந்தப் பட்டியலில் சாம்பாருக்கு அவர் போட்ட மார்க்கை ஒரு மதுரைக்காரர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிரியாணியில் இது அடிதடி வரைக்கும் போகும். சீரக சம்பாவா, பாசுமதியா? திண்டுக்கல்லில் 1957-ல் நாகசாமி நாயுடு ஆரம்பித்த கடைதான் பின்னால் தலப்பாக்கட்டி ஆனது, அங்கே சீரக சம்பா. ஆம்பூரிலும் சீரக சம்பாதான். சென்னையில் பாய் வீட்டுக் கல்யாணங்களில் பெரும்பாலும் பாசுமதி, பக்கத்தில் கத்தரிக்காய், தால்ச்சா, தயிர்ப் பச்சடி, கடைசியில் பிரட் அல்வா. மவுண்ட் ரோடு புகாரி 1951-லிருந்து இருக்கிறது, அவர்கள் கைமணம் வேறு. சீரக சம்பாவில் பருக்கை சின்னது, மசாலாவை உள்ளே இழுத்துக்கொள்ளும், வயிறு சீக்கிரம் நிறையும். பாசுமதியில் பருக்கை நீளம், மசாலா வெளியே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றில் வளர்ந்தவருக்கு மற்றது பிரியாணியாகவே தெரியாது. எந்த அரிசி என்று சொல்லாமல் சென்னையின் சிறந்த பிரியாணி என்று ஒருவர் எழுதினால், படிக்கிறவர்களில் ஒரு பாதிப் பேருக்கு அன்றைக்கே கோபம் வந்துவிடும். வந்துதான் ஆக வேண்டும்.

பிடித்த கடை என்பதில் பழைய பாசமும் கலந்திருக்கும். கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 1962-ல் திறந்தது, 2008-ல் மூடினார்கள், இப்போது அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. இன்றைக்கும் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட சென்னைக்காரர் யாரைக் கேட்டாலும் அந்தப் பூரி, அந்தக் காபி என்று ஆரம்பிப்பார்கள். மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, காலேஜ் நண்பர்களோடு மணிக்கணக்காக உட்கார்ந்த இடம் அது. அந்தப் பாசத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது, எனக்கும் அது உண்டு. ஆனால் அங்கே ஒருநாளும் உட்காராத இருபத்தைந்து வயதுப் பையனுக்கு அந்தப் பூரியைப் பற்றி எழுதி என்ன பயன்? உங்கள் விமர்சகரின் பட்டியலில் இப்படி இரண்டு மூன்று பாசக் கடைகள் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தில், ஒரு கடையைப் பற்றி அவர் பாராட்டியதெல்லாம் பழைய சப்ளையர்கள், பளிங்கு மேஜை, சுவரில் மாட்டிய படங்கள். பண்டத்தைப் பற்றி ஒரே வரி. ஒரு விமர்சனத்தில் சாப்பாட்டைப் பற்றிய வரி குறைந்து சூழலைப் பற்றிய வரி கூடினால், நாக்குக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

பேப்பரில் வந்த பிறகு கடைக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மேற்கு மாம்பலம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு சின்ன மெஸ். கணவன், மனைவி, ஒரு உதவியாள். மதியம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குத்தான் சமைப்பார்கள், தீர்ந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்தம்மாவின் வத்தக்குழம்புக்காக வெகுதூரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். மண்சட்டியில், நல்லெண்ணெயில், அடுப்பைக் குறைத்து வைத்து எண்ணெய் பிரியும்வரை விடுவார். ஒரு பத்திரிகையில் அரைப்பக்கம் வந்தது. அடுத்த வாரமே தெருவில் நிற்க இடமில்லை. சந்தோஷப்பட்டுப் பக்கத்துப் போர்ஷனையும் எடுத்தார்கள், வெளியாள் மூன்று பேரைப் போட்டார்கள், மண்சட்டிக்குப் பதில் பெரிய அலுமினியக் குண்டான் வந்தது. வத்தக்குழம்பைப் பெரிய பாத்திரத்தில் அவசரமாகச் சுண்டவைக்க முடியாது. கெட்டிப்படுத்த மாவு கரைத்து ஊற்ற ஆரம்பித்தார்கள். எழுதியவர் சாப்பிட்ட குழம்பு போயிற்று. கட்டுரையை லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்தார்கள், அதற்குக் கீழே உட்கார்ந்துதான் ஆட்கள் குறை சொன்னார்கள். இதில் யாரையும் திட்ட எனக்கு மனம் வராது. வருமானம் வேண்டாமென்று எந்தக் குடும்பம் சொல்லும்? ஆனால் பட்டியல் போடுகிறவர் போட்டதோடு விடக்கூடாது. ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போய், அதே பண்டத்தைச் சொல்லிச் சாப்பிட்டு, மாறியிருந்தால் அதையும் எழுத வேண்டும். அதைச் செய்கிறவர்கள் அபூர்வம்.

மாஸ்டர் மாறுவதும் இதே கணக்குதான். நம் லைனில் மாஸ்டர்கள் ஒரே இடத்தில் வெகுகாலம் இருப்பதில்லை. பக்கத்துத் தெருவில் இரண்டாயிரம் கூடக் கொடுத்தால் போய்விடுவார்கள். பரோட்டா மாஸ்டர் போனால் அந்த வாரமே தெரியும். சரக்கு மாஸ்டர் போனால் மெதுவாகத் தெரியும், சாம்பார்ப் பொடி பழைய ஸ்டாக் தீரும்வரை சமாளித்துவிடுவார்கள். கிளைகள் நிறைய வைத்திருக்கிற ஹோட்டல்களில் ஒரே பெரிய சமையற்கட்டில் அரைத்து, வண்டியில் அனுப்பி, கிளையில் சூடு செய்து கொடுக்கிற ஏற்பாடும் உண்டு. விமர்சகர் தாய்க்கடையில் சாப்பிட்டிருப்பார், நீங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளையில் சாப்பிட்டிருப்பீர்கள். பெயர்ப்பலகை மட்டும்தான் ஒன்று.

இதுவரை அவர் பக்க நியாயத்தைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன். உங்கள் தரப்பில் ஒரு குறை முழுக்க முழுக்கச் சரி, அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பட்டியலில் பாரிமுனைக்கு வடக்கே ஒரு கடைகூட இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இது அவர் ஒருவரின் குறை இல்லை, நம் ஊர்ச் சாப்பாட்டு எழுத்தில் வெகுகாலமாக இருக்கிற குறை. மயிலாப்பூர், தி.நகர், நுங்கம்பாக்கம், அடையாறு, மிஞ்சினால் கிழக்குக் கடற்கரைச் சாலை. வடக்கே போனால் சௌகார்பேட்டையில் மின்ட் தெரு காக்கடா ராம்பிரசாத் ஜிலேபியும், மாலையில் திறக்கிற சீனா பாய் கடை நெய் ஊத்தப்பமும், அதோடு வண்டியைத் திருப்பிவிடுவார்கள்.

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர், இங்கெல்லாம் லட்சக்கணக்கில் மக்கள் தினமும் வெளியே சாப்பிடுகிறார்கள். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆன பிறகு, அங்கிருந்து கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ இன்றைக்கும் பர்மா பஜார் பக்கத்தில் தள்ளுவண்டிகளில் கிடைக்கிறது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் சூடான வாழைத்தண்டு சூப். வேகவைத்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் புளித்தண்ணீரும் ஊற்றிக் கொடுப்பது பேஜோ. சென்னையில் வேரூன்றி இந்த நகரத்துக்கே உரியதாகிவிட்ட பண்டம் எது என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். மாட்டுக்கறி பிரியாணி, வறுவல், குடல் குழம்பு, காசிமேட்டில் படகு கரையேறியதும் வாங்கிப் பொரிக்கிற மீன், இவை எதுவும் இல்லாமல் ‘சென்னையின் பிடித்த ஹோட்டல்கள்’ என்று தலைப்பு வைப்பது நியாயமில்லை. எனக்குப் பிடித்த தென்சென்னை ஹோட்டல்கள் என்று வைத்தால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. இதை நீங்கள் அவருக்கு எழுத வேண்டும். ருசி தெரியாதவர் என்று எழுதினால் படிக்காமல் தூக்கிப் போடுவார். இந்தத் தெருவில், இந்தக் கடையில், சாயங்காலம் இத்தனை மணிக்கு, இந்தப் பண்டம் என்று எழுதினால் ஒருநாள் போய்ப் பார்க்கத் தோன்றும்.

சரி, பட்டியலை என்ன செய்வது? தூக்கிப் போட வேண்டாம். விமர்சகர் எழுதியதில் கடைப் பெயரைத் தாண்டி மூன்று விஷயம் தேடுங்கள். என்ன சாப்பிட்டார், எந்த வேளையில் சாப்பிட்டார், எத்தனை தடவை போனார். இவை இல்லாத பாராட்டை அந்தக் கடை இருக்கிறது என்ற தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு கடைகளைப் பற்றி அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். நீங்கள் வாரம் தவறாமல் சாப்பிடுகிற இடத்தைப் பற்றி அவர் சொல்வது உங்கள் அனுபவத்தோடு எங்கே விலகுகிறது என்று தெரிந்துவிட்டால், மற்ற கடைகளுக்கும் அதே விலகலைக் கூட்டிக் கழித்துக்கொள்ளலாம். அவருக்கு நெய் பிடிக்கும், உங்களுக்கு ஆகாது என்றால், ‘கமகமவென்று’ என்று அவர் எழுதுகிற இடத்திலெல்லாம் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்கலாம். எப்போதும் ஒரே பக்கமாக விலகுகிற விமர்சகர் ரொம்ப உபயோகமானவர். இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று எழுதுகிறவரை வைத்துத்தான் எதுவும் செய்ய முடியாது.

புதுக் கடையில் முதல்முறை உட்காரும்போது பேப்பரில் வந்ததைச் சொல்லாதீர்கள். சப்ளையரைப் பார்த்து, “சூடா என்ன இருக்கு?” என்று கேளுங்கள். அவர் இருபது பண்டத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தால் ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் நிறுத்தி, சமையற்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “வடை இப்பதான் போட்டாங்க சார்” என்று சொன்னால் வடையைச் சொல்லிவிடுங்கள். அந்த நிமிஷத்தில் அந்தச் சமையற்கட்டில் என்ன நன்றாக இருக்கிறது என்பது எந்த விமர்சகரைவிடவும் அவருக்குத்தான் தெரியும். கூடவே ஒரு சாதா தோசை சொல்லுங்கள். மசாலா, நெய், வெங்காயம் எதுவும் போட்டு மறைக்க முடியாத பண்டம் அது. மாவின் பக்குவம், கல்லின் சூடு, எண்ணெயின் தரம், சட்னியில் தேங்காய் இருக்கிறதா பொட்டுக்கடலை மட்டும்தானா என்பது எல்லாம் அந்த ஒரு தட்டில் வந்துவிடும்.

நீங்கள் போன கடைகளைப் பொறுத்தவரை என் யோசனை இது. பிரியாணிக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்குள் போங்கள், தம் உடைத்து அரைமணிக்குள் சாப்பிடுங்கள். அப்போதும் வறண்டிருந்தால் அந்தக் கடையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். தித்திப்பு சாம்பார்க் கடையில் சாம்பாரை விட்டுவிட்டு ரவா தோசையும் காபியும் சொல்லிப் பாருங்கள், உடுப்பி வழிவந்த கடைகளில் ரவா தோசை ஏமாற்றுவது குறைவு. பொங்கலுக்கு வெகுநேரம் நின்ற கடைக்கு வார நாளில் காலை ஏழு மணிக்குப் போங்கள், விடுமுறை நாளில் அந்தப் பக்கமே போக வேண்டாம். மூன்றிலும் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள், எந்தக் கிளை, எத்தனை மணி என்பதையும் சேர்த்து.